யூஎஸ்எஸ் புவேப்லோ: ஆராய்ச்சிக் கப்பல் என்பது வெறும் வேஷம்தானா?

ஜனவரி 9 (வந்த கேள்வி)

"அண்ணா, நான் மரைன் இன்ஜினியரிங் படிக்கிறேன். 1968-இல் வட கொரியா பிடித்துவைத்த அமெரிக்கக் கப்பல் புவேப்லோ பற்றி வகுப்பில் பேச்சு வந்தது. சரக்குக் கப்பல் கடல் ஆய்வுக் கப்பலாக மாறியது என்று ஒரு இடத்தில் போட்டிருக்கிறது. இன்னொரு இடத்தில் உளவுக் கப்பல் என்கிறார்கள். ஆய்வெல்லாம் சும்மா வேஷம், அதில் ஒரு விஞ்ஞானிகூட ஏறவில்லை என்று நண்பன் அடித்துச் சொல்கிறான். எது சரி?"

ஜனவரி 9, இரவு

சரக்கு, ஆய்வு, உளவு மூன்றும் சரி தம்பி. விஞ்ஞானியே ஏறவில்லை என்பதுதான் தப்பு. நண்பனிடம் சொல்லுங்கள், அந்தக் கப்பலில் அமெரிக்கக் கடற்படையின் கடலியல் அலுவலகத்தைச் சேர்ந்த இரண்டு சிவிலியன்கள் இருந்தார்கள். கடல்நீரை அளப்பதுதான் அவர்கள் வேலை, அளக்கவும் செய்தார்கள். கப்பலில் இருந்த 83 பேரில் அவர்களும் அடக்கம்.

முக்கிய வேலை ஒட்டுக்கேட்பது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஆய்வா உளவா என்ற இந்தச் சண்டையில் முதல் வார்த்தையை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சரக்குக் கப்பல். அன்று நடந்ததில் பாதிக்கு மேல், அது சரக்குக் கப்பலாகக் கட்டப்பட்டதால் நடந்தது என்பது என் எண்ணம். நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

ஜனவரி 11

பிறந்த கதையிலிருந்து வருவோம்.

விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில் கெவானி என்றொரு சிற்றூர். உப்புத் தண்ணீரே இல்லாத ஊர். அங்குள்ள கட்டுமானத் தளத்தில் 1944 ஏப்ரல் 16 அன்று நீரில் இறக்கினார்கள். அப்போது பெயரே கிடையாது, எஃப்பி-344 என்ற எண் மட்டும்தான். சொந்தக்காரர் கடற்படைகூட இல்லை, தரைப்படை. பெரிய கப்பல் நுழைய முடியாத சின்னத் துறைமுகங்களுக்கும் தீவுகளுக்கும் அரிசி பருப்பு, டின் உணவு, உதிரிபாகம், கூடவே சில ஆட்கள் என்று ஏற்றி இறக்கத் தரைப்படை இப்படி நிறையக் கட்டிக்கொண்டது.

நீளம் 177 அடி, அகலம் 32 அடி. இரண்டு ஜெனரல் மோட்டார்ஸ் டீசல் இன்ஜின், இரண்டு புரொப்பெல்லர். முக்கி முக்கிப் போனால் 13 நாட், அதாவது மணிக்குச் சுமார் 24 கிலோமீட்டர். இந்த 13-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

1945 ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸில் பணியில் சேர்த்தார்கள். ஓட்டியது அமெரிக்கக் கடலோரக் காவல்படை. பெரும்பாலும் பயிற்சிக்குத்தான் பயன்பட்டது. 1954-இல் ஓரங்கட்டினார்கள். பன்னிரண்டு வருடம் சும்மா கிடந்தது.

1966 ஏப்ரலில் கடற்படை அதை வாங்கிக்கொண்டு, ஜூனில் கொலராடோ மாநிலத்து ஊர் ஒன்றின் பெயரான புவேப்லோவைச் சூட்டியது. அப்போது கொடுத்த வகை 'இலகு சரக்குக் கப்பல்', எண் ஏகேஎல்-44. அப்புறம் பிரெமர்டனில் உள்ள கடற்படைத் தளத்தில் உள்ளே வெட்டி ஒட்டி, 1967 மே மாதம் 'சுற்றுச்சூழல் ஆராய்ச்சித் துணைக்கப்பல்' என்று வகையை மாற்றினார்கள். ஏஜிஈஆர்-2. உங்கள் பாடத்தில் இருக்கும் 'ஆய்வுக் கப்பல்' இங்கேதான் வருகிறது.

ஜனவரி 11, சற்று நேரம் கழித்து

இதற்குள் ஒருவர், "லிபர்ட்டி ரகச் சரக்குக் கப்பல்தானே, அது நல்ல உறுதியாச்சே" என்று எழுதியிருக்கிறார். லிபர்ட்டிக் கப்பல் 441 அடி, இது 177. பக்கத்தில் நிறுத்தினால் இது அதன் படகு மாதிரி இருக்கும். அவர் மனதில் இருப்பது யூஎஸ்எஸ் லிபர்ட்டி என்று நினைக்கிறேன். அது விக்டரி ரகச் சரக்குக் கப்பலிலிருந்து ஒட்டுக்கேட்கும் கப்பலாக மாறியது. 1967 ஜூனில் மத்தியத் தரைக்கடலில் இஸ்ரேல் விமானங்களும் டார்பிடோப் படகுகளும் தாக்கியதில் 34 பேர் இறந்தார்கள். புவேப்லோ கதைக்குள் அதுவும் வரும்.

ஜனவரி 13

சரக்குக் கப்பலை மாற்றுவது என்றால் என்ன என்று என் அனுபவத்திலிருந்து கொஞ்சம்.

நான் இன்ஜின் ரூமில் இருந்த காலத்தில், கரையோரச் சரக்குக் கப்பல் ஒன்றைக் கடலடி சர்வேக்கு மாற்றி எங்களை ஏற்றினார்கள். கம்பெனி பெயர் வேண்டாம். ஹேட்சை (சரக்கு இறக்கும் வாயை) மூடி வெல்டிங் செய்து, ஹோல்டுக்குள் (சரக்கு அறைக்குள்) பிளைவுட் தடுப்பு வைத்து லேப், மேலே டெக்கில் கம்பி சுற்றி இழுக்க ஒரு பெரிய விஞ்ச், பின்பக்கம் ஒரு கன்டெய்னர் அறை. பெயின்ட் அடித்ததும் போட்டோவில் பளபளவென்று இருந்தது.

கடலுக்குள் போனதும் தெரிந்தது. சரக்குக் கப்பல் என்பது வயிற்றில் எடையோடு போவதற்காகக் கணக்குப் போட்டுக் கட்டியது. ஹோல்டில் சிமென்ட்டும் உரமும் இருந்தால்தான் அதற்கு நிதானம். சரக்கை எடுத்துவிட்டு மேசை நாற்காலி போட்டால் கீழே எடை போச்சு. விஞ்சும் அறையும் மேலே ஏறியதில் மேலே எடை வந்தாச்சு. ஈடுகட்ட அடியில் கான்கிரீட் கட்டி நிரப்பியிருந்தார்கள். அப்படியும் சின்ன அலைக்கே ஆட்டம் தாங்காது. லேப்பில் இருந்த படித்த பிள்ளைகள் வாளியைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள். விஞ்ச் இழுக்கும்போதெல்லாம் ஜெனரேட்டர் முனகும், ஏனென்றால் அந்த லோடுக்காக அதை வைக்கவில்லை.

புவேப்லோவிலும் இதே கதைதான். ஹோல்டு இருந்த இடத்தில் ஆட்களுக்குப் படுக்கை, மேலே ஜன்னல் இல்லாத ஒரு இரும்பு அறை, அதற்கும் மேலே கொம்பு கொம்பாக ஆன்டெனா. ஒரு சிறு குழுவுக்காகக் கட்டியதில் 83 பேர். அந்த இரும்பு அறைக்குள் நுழைய அனுமதி உள்ளவர்கள் மட்டும் நுழையலாம். வானொலி, ரேடார் அலைகளைப் பிடிக்கும் கருவிகளும் ரகசியக் குறியீட்டு இயந்திரங்களும் அங்கே இருந்தன.

ஸ்டியரிங் இன்ஜின் சோதனை ஓட்டத்திலேயே திரும்பத் திரும்ப நின்றுபோனது. எனக்கு இதைப் படிக்கும்போதே வயிற்றைக் கலக்கியது. ஸ்டியரிங் போன கப்பலில் கையால் பம்ப் அடித்து சுக்கானைத் திருப்பியவனுக்குத்தான் தெரியும், அந்த நேரத்தில் பிரிட்ஜிலிருந்து (கப்பலை ஓட்டும் அறையிலிருந்து) வரும் குரல் எப்படி இருக்கும் என்று.

ஜனவரி 14

"ஆய்வு நிஜம் என்கிறீர்களே, என்னதான் செய்தார்கள்?" நியாயமான கேள்வி.

நான்சன் பாட்டில் என்று ஒன்று உண்டு. பித்தளைக் குழாய், இரண்டு முனையிலும் வால்வு, பக்கவாட்டில் தெர்மாமீட்டர். இப்படிப் பல பாட்டில்களை ஒரே கம்பியில் வெவ்வேறு ஆழத்தில் மாட்டிக் கடலுக்குள் இறக்குவார்கள். தெர்மாமீட்டர் அந்த ஆழத்துக் குளிருக்குப் பழகச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு மேலிருந்து ஒரு பித்தளைக் குண்டைக் கம்பியில் கோத்து விடுவார்கள். அது சறுக்கிப்போய் முதல் பாட்டிலின் கொக்கியைத் தட்டும். பாட்டில் தலைகீழாகக் கவிழும், வால்வு மூடிக்கொள்ளும், உள்ளே அந்த ஆழத்துத் தண்ணீர் சிறைப்படும். கவிழும்போது தெர்மாமீட்டரில் பாதரச இழை அறுந்து, அந்த வெப்பநிலை அப்படியே பதிந்துவிடும். அதே நேரத்தில் அடியில் மாட்டியிருக்கும் அடுத்த குண்டு கழன்று கீழே உள்ள பாட்டிலைத் தட்டப் போகும். கம்பியில் கையை வைத்தால் ஒவ்வொரு தட்டும் 'டிக்' என்று விரலுக்குத் தெரியும். எங்கள் கப்பலில் பாட்டில் பிளாஸ்டிக்கில் இருந்தது, முறை இதுவேதான். அந்த டிக் வராவிட்டால் எல்லாவற்றையும் திரும்ப இழுக்க வேண்டும்.

இந்த அளவுகள் எதற்கு? தண்ணீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். வெப்பம், உப்பு, ஆழம் மாறினால் வேகம் மாறும், ஒலி வளையும். ஜப்பான் கடலில் மேலே ஒரு மெல்லிய அடுக்குதான் கொஞ்சம் வெதுவெதுப்பு, ஆழத்தில் முழுக்க 0 முதல் 1 டிகிரிக் குளிர். அப்படிப்பட்ட கடலில் நீர்மூழ்கியைச் சோனாரில் (ஒலியால் தேடும் கருவியில்) தேடுபவனுக்கும் ஒளிய நினைப்பவனுக்கும் இந்த எண்கள்தான் வேண்டும். அதாவது ஆய்வும் ராணுவத்துக்குத்தான். அதனால் அது பொய்யாகிவிடாது. நீரின் உப்பு யாருக்காக அளந்தாலும் அதே உப்புதான்.

இன்னொன்று, பாட்டில் இறக்க வேண்டுமானால் கப்பல் நிற்க வேண்டும். ஒட்டுக்கேட்கவும் நிற்பது சௌகரியம். ஆக இரண்டு வேலைக்கும் பொருத்தமான தோற்றம் ஒன்றே: ஓடாமல் மிதக்கும் ஒரு சின்னக் கப்பல்.

ஜனவரி 16

பனிக்கட்டி பற்றி எழுத விட்டுப்போனது.

1968 ஜனவரி 11-இல் ஜப்பானின் சசெபோவிலிருந்து கிளம்பியது. கொரியாவின் கிழக்குக் கரையோரம் வடக்கே போகப் போக, தெறிக்கும் அலை டெக்கிலும் கம்பிகளிலும் அப்படியே உறைந்து ஏறியது. ஆட்கள் வெளியே வந்து சுத்தியலால் தட்டித் தட்டி உடைத்தார்கள். நான் மேலே சொன்ன கணக்கை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஏற்கெனவே தலைக்கனம் ஏறிய கப்பல், அதன் தலையில் டன் கணக்கில் பனி. கவிழ்ந்துவிடும் என்ற பயம் கேப்டனுக்கு நிஜமாகவே இருந்தது.

மேலே பொருத்தியிருந்த இரண்டு .50 காலிபர் இயந்திரத் துப்பாக்கிகளைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். அந்தத் தார்ப்பாயும் உறைந்து பலகை மாதிரி ஆகிவிட்டது.

ஜனவரி 23

இன்றைய தேதிதான். அதனால் அந்த நாளைப் பற்றி இன்று.

முதல் நாள் ஜனவரி 22, வட கொரிய மீன்பிடிப் படகுகள் இரண்டு வெகு அருகில் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போயின. அதற்கும் முந்தைய இரவு, ஜனவரி 21, வட கொரியக் கமாண்டோக்கள் 31 பேர் தென் கொரிய அதிபர் பார்க் சுங் ஹீயைக் கொல்ல சியோல் வரை போய்விட்டார்கள். கொரியாவே கொதித்துக்கொண்டிருந்தது. புவேப்லோவுக்கு அதை யாரும் சொல்லவில்லை. எனக்கு ஆற மாட்டாமல் இருப்பது இதுதான். உலகத்தையே ஒட்டுக்கேட்க அனுப்பிய கப்பலுக்குப் பக்கத்து ஊர்ச் செய்தி போய்ச் சேரவில்லை.

23-ஆம் தேதி நண்பகல், வொன்சான் துறைமுகத்துக்கு அப்பால், கரையிலிருந்து 15 கடல் மைலுக்கு மேல் தள்ளி, இன்ஜின் ஓடாமல் நின்றுகொண்டிருந்தது. 13 மைலுக்குள் போகக் கூடாது என்பது உத்தரவு. நீர்மூழ்கி வேட்டைக் கப்பல் ஒன்று வேகமாக வந்து எந்த நாடு என்று கேட்டது. புவேப்லோ அமெரிக்கக் கொடியை ஏற்றியது. அதோடு ஏற்றிய சிக்னல் கொடிகளின் பொருள்: நான் கடல் ஆய்வுக் கப்பல்.

தம்பி, உங்கள் கேள்விக்கு ஒரே ஒரு காட்சியில் பதில் வேண்டுமென்றால் அந்தக் கொடிதான். ஆய்வுக் கப்பல் என்ற பெயரை ஒரு கேடயமாக நம்பி ஏற்றினார்கள்.

"நில், இல்லாவிட்டால் சுடுவேன்" என்று பதில் வந்தது. சர்வதேசக் கடலில் இருக்கிறேன் என்று புவேப்லோ சொன்னது. அதற்குள் டார்பிடோப் படகுகள் வந்து சூழ்ந்தன, மேலே மிக் போர் விமானங்கள் இரண்டு. கேப்டன் லாய்ட் புக்கர் கப்பலைத் திருப்பித் திறந்த கடலை நோக்கி ஓட்டினார். இங்கே வருகிறது அந்த 13 நாட். துரத்திய படகுகள் 40 நாட்டுக்கு மேல் போகக்கூடியவை. மளிகைச் சாமான் ஏற்றக் கட்டிய இன்ஜின் என்ன செய்யும்?

சுட்டார்கள். உறைந்த தார்ப்பாயைக் கிழித்துத் துப்பாக்கியை எடுக்கத் திறந்த டெக்கில் ஓட வேண்டும், மறைப்பு எதுவும் கிடையாது. புக்கர் அந்த உத்தரவைக் கொடுக்கவில்லை. நேரம் இழுக்கப் பார்த்தார், வட கொரியக் கப்பலைப் பின்தொடர்வது போல் போய் நடுவில் நிறுத்தினார். மறுபடி சுட்டார்கள். ரகசியக் காகிதங்களை அழித்துக்கொண்டிருந்த டுவேன் ஹாட்ஜஸ் என்ற மாலுமி அதில் இறந்தார். பிற்பகலில் வட கொரியர்கள் ஏறிவிட்டார்கள்.

ஜனவரி 24

"ஏன் மூழ்கடிக்கவில்லை? ஏன் எல்லாவற்றையும் எரிக்கவில்லை?" என்று நாலைந்து பேர் கேட்டிருக்கிறார்கள்.

எரிக்க ஒரு சின்ன எரிகலம்தான் இருந்தது. லிபர்ட்டி தாக்கப்பட்ட பிறகு புக்கர் அவசர காலத்தில் எல்லாவற்றையும் அழிக்க வெடிகருவி கேட்டார், கிடைக்கவில்லை. ஆகவே அன்று மாலுமிகள் குப்பைக்கூடையில் காகிதத்தைப் போட்டு எரித்தார்கள், பெரிய சுத்தியலாலும் தீயணைப்புக் கோடாரியாலும் இயந்திரங்களை அடித்தார்கள். நல்ல எஃகில் செய்த இயந்திரம் சுத்தியலுக்கு லேசில் மசியாது. இறுகிப்போன பம்ப் கவரை அடித்தவர்களைக் கேளுங்கள். மூட்டை மூட்டையாகக் காகிதம் மிச்சம் இருந்தது.

மூழ்கடிப்பதும் அப்படித்தான். சரக்குக் கப்பலில் கடல்நீரை உள்ளே விட வால்வைத் திறந்தால் மணிக்கணக்கில் ஆகும். அங்கே ஆழம் ஏறக்குறைய 30 பாகம்தான், அதாவது 180 அடி. முக்குளிப்பவர்கள் இறங்கி எடுத்துவிடலாம். உறையும் கடலில் 82 பேர் நெடுநேரம் தாங்க மாட்டார்கள்.

பிடிபட்ட குறியீட்டு இயந்திரங்களுக்குத் தினமும் மாற்றும் சாவிப் பட்டியல் வேண்டும், அது இல்லாமல் பயனில்லை என்று அமெரிக்கர்கள் ஆறுதல்பட்டுக்கொண்டார்கள். ஆனால் ஜான் வாக்கர் என்ற கடற்படை ஆள் அந்தச் சாவிகளைச் சோவியத்துக்கு ஏற்கெனவே விற்க ஆரம்பித்திருந்தார். அது வெளியே வந்தது 1985-இல்.

ஜனவரி 27

கப்பலை விட்டு ஆட்கள் பக்கம் கொஞ்சம் போகிறேன்.

பதினொரு மாதம் அடி, பட்டினி, கட்டாய வாக்குமூலம். கடலியல்காரர்கள் இருவருக்கும் தனிச் சலுகை எதுவும் இல்லை. உப்பு அளந்தவன், ஒட்டுக்கேட்டவன், சமையல்காரன் எல்லோருக்கும் ஒரே அடி.

அந்த நிலையிலும் அவர்கள் செய்த காரியம் ஒன்று உண்டு. பிரசாரப் புகைப்படம் எடுக்கும்போது நடுவிரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். இது என்ன என்று காவலர்கள் கேட்டபோது, ஹவாய்த் தீவில் நல்வாழ்த்துச் சைகை என்றார்கள். அவர்களும் நம்பினார்கள். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. இதை முதலில் படித்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு அமெரிக்கப் பத்திரிகை ஒன்று படத்தோடு சைகையின் அர்த்தத்தையும் அச்சிட்டது. விளைவு, டிசம்பரில் ஒரு வாரம் முழுக்க நடந்த அடி. அதற்கு 'நரக வாரம்' என்றே மாலுமிகள் பெயர் வைத்தார்கள்.

1968 டிசம்பர் 23 அன்று இரு கொரியாக்களின் எல்லையில் உள்ள பன்முன்ஜோமில் ஒரு பாலத்தின் மேல் ஒவ்வொருவராக நடந்து வந்தார்கள். 82 பேரும் ஹாட்ஜஸின் உடலும். அமெரிக்க ஜெனரல் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். போடுவதற்கு முன்னால், இதில் உள்ளது உண்மையில்லை என்று வாயால் சொல்லிவிட்டுப் போட்டார்.

பிப்ரவரி 2

புக்கர் பற்றி முன்பு எனக்கு ஒரு கடுமை இருந்தது. 1807-க்குப் பிறகு அமைதிக் காலத்தில் கடலில் கப்பலை விட்டுக்கொடுத்த முதல் அமெரிக்கக் கடற்படைக் கேப்டன் என்று அவரைச் சொல்வார்கள். 1969-இல் விசாரணை நடத்தியவர்களும் அவரை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தத்தான் பரிந்துரைத்தார்கள். கடற்படைச் செயலர் ஜான் சேஃபி, அவர்கள் பட்டது போதும் என்று தடுத்துவிட்டார்.

இப்போது எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. அவர் நீர்மூழ்கியில் வேலை பார்த்தவர். நீர்மூழ்கியில் எதிரி வந்தால் கீழே போய்விடலாம். அவருக்குக் கொடுத்ததோ மேலேயே மிதக்கும், ஓடத் தெரியாத, ஸ்டியரிங் நின்றுபோகும் சரக்குக் கப்பல். அதில் அவர் கேட்டவற்றில் பலவற்றை மறுத்தார்கள். மறுத்தவர்கள் யாரும் அன்று அந்த டெக்கில் இல்லை. எங்கள் சர்வே கப்பலிலும் ஜெனரேட்டரை மாற்றச் சொல்லிக் கடிதம் மேல் கடிதம் போனது. கரையில் இருப்பவர் "ஒரு ட்ரிப் சமாளியுங்கள்" என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று பார்த்திருக்கிறேன். எங்களுக்கு நடுக்கடலில் இருட்டில் மிதந்ததோடு போயிற்று.

மாலுமிகளுக்குப் போர்க்கைதிப் பதக்கம் 1990-இல்தான் கொடுத்தார்கள். புக்கர் 2004-இல் இறந்தார்.

பிப்ரவரி 3

"கப்பல் இப்போது எங்கே?"

பியோங்யாங்கில், போர் அருங்காட்சியகத்தை ஒட்டி, போதோங் ஆற்றில். ஏறிப் பார்க்கலாம். குண்டு துளைத்த இடங்களைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டுகிறார்கள். அமெரிக்கக் கடற்படைப் பட்டியலிலிருந்து இன்னும் பெயரை எடுக்கவில்லை. கணக்குப்படி அது இன்றும் பணியில் உள்ள கப்பல்.

பிடித்த புதிதில் கிழக்குக் கரையில் வொன்சானில் இருந்தது. 1999-இல் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குத் தென் கொரியாவைச் சுற்றித்தான் வர வேண்டும், அமெரிக்கக் கப்பல்கள் உலவும் கடல் வழியாக. வட கொரியக் கொடி ஏற்றி, சரக்குக் கப்பல் போல் வேடமிட்டுக் கொண்டுவந்ததாகச் செய்தி வந்தது. யாரும் தடுக்கவில்லை.

பிப்ரவரி 8

கடைசியாக ஒருவர் கேட்டது: ஏஜிஈஆர்-2 என்றால் 1-ஆம் 3-ஆம் உண்டா?

உண்டு. மூன்றுமே ஒரே ரகத் தரைப்படைச் சரக்குக் கப்பல்கள். ஒன்றாம் எண் பேனர், எஃப்எஸ்-345. புவேப்லோவுக்கு முன்பே இந்த வேலையை ஆரம்பித்தது அதுதான், சோவியத், சீனக் கப்பல்கள் அதைப் பலமுறை மிரட்டியும் பத்திரமாகத் திரும்பியது. அதனால்தான் புவேப்லோவுக்கும் ஆபத்து குறைவு என்று கணக்குப் போட்டார்கள். புவேப்லோ போன பிறகு இந்தத் திட்டத்தையே மூடினார்கள். பேனர் 1970-இல் உடைப்புக்குப் போனது.

மூன்றாம் எண் பாம் பீச். அதை விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் ஓரோ வெர்டே என்று பெயர் வைத்து மறுபடி சரக்கு ஏற்றினார்கள். கேமன் தீவுக்குப் பக்கத்தில் பாறையில் ஏறித் தட்டி நின்றுவிட்டது. 1980-இல் ஸ்கூபா டைவிங் செய்பவர்களுக்காக வேண்டுமென்றே அங்கே மூழ்கடித்தார்கள். புவேப்லோவின் உட்பகுதி எப்படி இருந்திருக்கும் என்று தெரிய வேண்டுமானால், அந்தச் சிதைவைச் சுற்றி எடுத்த நீரடிப் படங்களைத் தேடிப் பாருங்கள் தம்பி. கப்பல் கவிழாமல் நிற்பது பற்றிய உங்கள் ஸ்டெபிலிட்டி பாடத்துக்கும் உதவும்.